சத்தமில்லாத எட்டு நொடிகள்

அன்று நான் சொல்லாமல் விட்டது இது: "அது என் அப்பா."

செப்டம்பர் பத்தொன்பது, வியாழக்கிழமை, மாலை ஏழு மணி. மில்வாக்கியில் ஒரு சிறிய ஒளிபரப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். நெறியாளர் நியூயார்க்கில் இருந்தார், அவர் குரல் என் காதில். திரையில் ஒரு சிற்றுண்டிக் கடை. முகம் சிவந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று வாயைப் பிளந்து கத்துகிறார். ஓங்கிய கை கீழே இறங்குகிறது. கை எதில் பட்டது என்று தெரிவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. சத்தம் இல்லை. மொத்தம் எட்டு நொடிகள். அடியில் 'கொதிக்கும் கிராமப்புறம்' என்று ஒரு வரி.

"ரோவெனா, இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார் நெறியாளர்.

ஒன்றரை நிமிடம் பதில் சொன்னேன். நல்ல பதில் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்பா மெர்லின் டீட்ஸ், விஸ்கான்சினில் ப்ளம் ஹாலோ என்ற ஊரில் நாற்பது கறவை மாடுகள் வைத்திருக்கிறார். டிராக்டரும் கறவை இயந்திரமும் சேர்ந்து அவர் காதை மந்தமாக்கிவிட்டதால் தொலைபேசி எங்களுக்கு உதவாது. கடிதம்தான். நான் எங்கள் பக்கத்து வாரப் பத்திரிகையான 'ரிட்ஜ் கொரிய'ருக்கு அரசியல் பத்தி எழுதுகிறேன், இறந்துபோன அம்மாவின் குடும்பப் பெயரில்: ரோவெனா காலோவே. டீட்ஸ் என்ற பெயர் அந்தச் சேனலில் யாருக்கும் தெரியாது.

அந்த ஆண்டின் கடிதங்களை வரிசையாக வைத்திருக்கிறேன்.

*

மில்வாக்கி
ஆகஸ்ட் 27

அன்புள்ள அப்பா,

நான் சௌக்கியம். உங்கள் முழங்காலும் நாற்பது மாடுகளும் எப்படி?

உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். போன மாதப் பத்தியை, அதுதான் 'வெட்டுக்கிளிகள்', கிழக்குக் கரையின் பெரிய பத்திரிகை ஒன்று அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது! நூலகத்தில் நான் எழுதும் மேசைக்கு வந்து கை குலுக்குகிறார்கள். நீங்கள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பீர்களே, அந்த இடத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: "நான்கு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் நம் சிற்றுண்டிக் கடைகளுக்குக் கேமராவோடு வருகிறார்கள். முட்டை கேட்கிறார்கள், சாப்பிடுவதில்லை. ஏன் கோபமாக இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. நம் மருத்துவமனையில் பிரசவ வார்டை மூடிய அன்று ஒரு கேமராவும் வரவில்லை."

நியூயார்க்கிலிருந்து ஒரு சேனல் பேசியது. ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு தாராளவாதக் குரல் வேண்டுமாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதானே எழுதவே வந்தேன்.

என் ஊர் எரிகிறதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்க்கும் சேனல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சன்னலைத் திறந்து பார்த்தேன். எதிர்வீட்டில் சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். புகை கொஞ்சம் அதிகம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ரோவி

*

ப்ளம் ஹாலோ
செப்டம்பர் 4

ரோவி கண்ணு,

நான் நல்லா இருக்கேன். முழங்கால்தான் மழை வருமா வராதான்னு தினம் அறிக்கை வாசிக்குது. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா?

கேளு, உன் வெட்டுக்கிளிங்க வந்துட்டாங்க! சனிக்கிழமை காலையில ஆர்டிஸ் கடையில நாங்க நாலு பேரும் ஆட்டுத்தலைச் சீட்டு ஆடிக்கிட்டிருக்கோம். ரெண்டு கேமரா, ஒரு மைக், ஒரு பொண்ணு. நீ எழுதின மாதிரியே முட்டை கேட்டாங்க, தொடவே இல்ல. ஆர்டிஸுக்கு வந்த கோபத்தைப் பாக்கணும்.

என் கையில கிளாவர் ராணி. அதுக்கு மேல துருப்பே கிடையாது, உனக்குத் தெரியாததா? கடைசிப் பிடி வரைக்கும் பொத்தி வச்சிருந்தேன். வெண்டல் என்னைப் பாத்து, "உன்கிட்ட ஒண்ணும் இல்லடா மெர்லின், மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு"ங்கிறான். எழுந்தேன். "இந்தா, வாங்கிக்கடா!"ன்னு ஒரே அறை. காபிக் கோப்பையெல்லாம் குதிச்சுது. அடுப்பங்கரையிலிருந்து ஆர்டிஸ், "மேசை உடைஞ்சா உன் மாட்டை ஓட்டிக்கிட்டு வந்துருவேன்"னு கத்துறா. கேமராக்காரன் இதையெல்லாம் அப்படியே பிடிச்சுக்கிட்டான்.

அந்தப் பொண்ணு மைக்கை நீட்டி, "ஐயா, ஏன் இவ்வளவு கோபமா இருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு. "யாரு, நானா? நான் ஜெயிச்சுட்டேம்மா!"ன்னேன். கடையே சிரிச்சுது. பாவம், அதுக்கு ஒண்ணும் புரியல.

உன்னைக் கூப்பிட்ட அதே சேனல்னு ஆர்டிஸ் சொல்றா. போ. போய்ப் பேசு. உன் கட்டுரையில மூணு இடம் தப்பு, ஒரு இடம் சரி. பிரசவ வார்டு விஷயம் சரி. அதைப் போய்ச் சொல்லு.

அப்பா

*

மில்வாக்கி
செப்டம்பர் 20

அன்புள்ள அப்பா,

டி.வி.யில் வந்தேன்! உங்கள் கடிதம் வந்ததும் சேனலுக்குச் சம்மதம் சொல்லியிருந்தேன், நேற்று காலைதான் கூப்பிட்டார்கள். கடிதம் போட நேரமில்லை, அதனால் ஆர்டிஸுக்குப் போன் செய்தேன்.

முகத்தில் மாவு பூசினார்கள். காதில் ஒரு பொத்தானைச் செருகினார்கள். எனக்குப் பின்னால் மிச்சிகன் ஏரி தெரிந்திருக்குமே, அது வெறும் துணி. பிரசவ வார்டைப் பற்றி நெறியாளர் கேட்காமலே சொல்லிவிட்டேன். நம் பக்கத்துப் பெண்கள் வலியோடு எழுபது மைல் போகிறார்கள் என்றேன். இதைச் சொல்லத்தானே அனுப்பினீர்கள்! ஒளிபரப்பு முடிவதற்குள் முன்னூறு பேர் எழுதியிருந்தார்கள். இனி வாரம் ஒரு நாள் வர முடியுமா என்று கேட்கிறார்கள். வர முடியும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நீங்கள் அந்த நேரத்தில் கறவையில் இருந்திருப்பீர்கள். பார்த்திருக்க முடியாது. பரவாயில்லை.

முழங்காலுக்கு மருந்து போடுகிறீர்களா?

உங்கள்
ரோவி

*

ப்ளம் ஹாலோ
அக்டோபர் 6

ரோவெனா,

சௌக்கியம். உன் கடிதம் வந்தது. பதில் எழுத நேரமாயிடுச்சு.

மழை. சோளம் அறுக்கல. ஒரு கிடாரி கன்னு போட்டுச்சு.

காது மெஷினை இப்பல்லாம் போட்டுக்கிறேன். நான் ரொம்பச் சத்தமாப் பேசுறேனாம்.

நல்லா இரு.

அப்பா

*

மில்வாக்கி
அக்டோபர் 11

அன்புள்ள அப்பா,

கன்றுக்குட்டி வந்த சேதி எனக்கு ஒரு பரிசு. பெயர் வைத்தாகிவிட்டதா?

காது மெஷினா? அம்மா பத்து வருடம் கெஞ்சியும் சர்க்கரை டப்பாவை விட்டு வெளியே வராத மெஷின்! யார் சொல்லிப் போட்டீர்கள்?

இங்கே ஒரே ஓட்டம். மூன்று வாரம் ஆயிற்று. தெருவில் ஒரு பெண் என்னை நிறுத்தி, "எங்கள் மனசில் இருப்பதைச் சொல்கிறீர்கள்" என்றாள். கொரியரின் விற்பனை கூடியிருப்பதால் ஆசிரியர் போனில் பாடுகிறார். தேர்தல் மாலைக்கு என்னை நியூயார்க்குக்கே கூப்பிட்டிருக்கிறார்கள், அப்பா! ஐந்து பேர், ஒரு கண்ணாடி மேசை, ஐந்து மணி நேரம். நாடே பார்க்கும்.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே. வெண்டல் தோற்றுக்கொண்டே இருக்கிறாரா?

உங்கள்
ரோவி

*

ப்ளம் ஹாலோ
அக்டோபர் 24

அன்பு ரோவெனாவுக்கு,

ஆர்டிஸ் எழுதுறேன். நானும் கடையும் நல்லா இருக்கோம். நீயும் அப்படியே இருப்பேன்னு டி.வி.யில பாத்தாலே தெரியுது.

உங்கப்பா அஞ்சு வாரமா கடைக்கு வரல. வெண்டல் ரெண்டு தடவை பண்ணைக்குப் போனான். வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டாராம், அதுவும் தேவாலயத்துல பேசுற மாதிரி குசுகுசுன்னு. "மெர்லின் குசுகுசுன்னு பேசி நான் கேட்டதே இல்ல, எனக்குப் பயமா இருக்கு"ங்கிறான்.

அந்தப் படம் இப்ப எங்க பாத்தாலும் இருக்கு. போன வாரம் சிகாகோவிலிருந்து நாலு பேர் வந்தாங்க. "அந்தக் கோபக்காரர் எந்த மேசையில உக்காருவாரு?"ன்னு கேட்டு, அதுல உக்காந்து அவரை மாதிரியே வாயைப் பிளந்து படம் எடுத்துக்கிட்டாங்க. முட்டையை மட்டும் சாப்பிட்டாங்க. நான் வெளியே போன்னு சொல்லிட்டேன்.

உனக்கு அந்தப் படத்தை அவங்க காட்டினாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. காட்டியிருக்க மாட்டாங்க. காட்டியிருந்தா நீ சும்மா இருந்திருக்க மாட்ட. வெண்டல்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்.

ஆர்டிஸ்

*

மில்வாக்கி
அக்டோபர் 27

அப்பா,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எனக்குப் படத்தைக் காட்டினார்கள். முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சட்டை நான் வாங்கித் தந்தது. கை இறங்கும்போது என்ன சீட்டு என்பதுகூடத் தெரியும், நீங்கள்தான் எழுதியிருந்தீர்களே.

நெறியாளர் கேட்டார். கோபத்தைப் பற்றி நான் முந்தின வாரமே தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அழகான பதில். அது வீணாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்று நீங்கள் கறவையில் இருந்தீர்கள் என்று நம்ப ஆசைப்பட்டேன்.

ரோவி

*

ப்ளம் ஹாலோ
அக்டோபர் 31

ரோவி,

உடம்பு நல்லா இருக்கு.

கறவையில இல்ல. அன்னைக்கு நாலு மணிக்கே கறந்துட்டேன். மாடுங்களுக்கே ஆச்சரியம். உன்னைப் பாக்கணும்னு ஊரையே ஆர்டிஸ் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை, என் பேர்ல. நீ வந்ததும், "அதான் என் பொண்ணு, அதான் என் பொண்ணு"ன்னு நான் போட்ட கூச்சல்ல முதல் கேள்வி யாருக்குமே கேக்கலையாம். பிரசவ வார்டைப் பத்திச் சொன்னப்ப வெண்டல் கைதட்டினான். அவன் உங்க ஆளுங்களுக்கு இந்த ஜென்மத்துல ஓட்டுப் போட மாட்டான், தெரியுமில்ல?

அப்புறம் நான் வந்தேன். கடையில எல்லாரும் சிரிச்சாங்க, "மெர்லின், நீயும் வந்துட்டே!"ன்னு. நீ இப்ப சொல்லுவ, "ஐயோ, அது எங்கப்பா, சீட்டு ஆடுறாரு"ன்னு, அப்படின்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம். நீ பேசிக்கிட்டே போன. சிரிப்பு ஒவ்வொருத்தரா நின்னுது. யாரும் ஆப்பிள் பையைச் சாப்பிடல.

உன் ஊரு எரியுதுன்னு என் சேனல் சொன்னப்ப நான் நம்பல. உன்கிட்ட எழுதிக் கேட்டேன். நீ சாஸேஜ்னு சொன்ன, அதோட முடிஞ்சுது. உனக்குக் கேக்க வேண்டிய அவசியமே இல்லையே கண்ணு. உனக்குத்தான் தெரியுமே.

கோபம் எங்கிருந்து வருதுன்னு அழகா விளக்கின. ஆனா நான் கோபப்பட்டா எப்படி இருப்பேன்னு உனக்கு மறந்துபோச்சு. உங்கம்மா சொல்லுவா: "மெர்லின் கத்துனா சந்தோஷமா இருக்கான், வாயை மூடிட்டான்னா எல்லாரும் ஓடிப் போயிடுங்க"ன்னு. உனக்கு இவ்வளவு நாள் நான் எழுதல பாரு, அதுதான் கோபம். அதைப் படம் பிடிக்க முடியாது.

இத்தோட அந்தக் கிளாவர் ராணியை வச்சிருக்கேன். எனக்கு இனிமே தேவைப்படாது. தேர்தல் அன்னைக்கு நல்லாப் பேசு. என் விஷயத்தை அங்க இழுக்காதே, உனக்கு வந்த வேலையைக் கெடுத்துக்காதே.

அப்பா

*

மில்வாக்கி
நவம்பர் 2

அன்புள்ள அப்பா,

சீட்டு வந்தது. மூலையில் ஆர்டிஸின் காபிக் கறை.

நாளை மறுநாள் நியூயார்க் போகிறேன். செவ்வாய் மாலை உங்கள் நேரப்படி ஏழு மணிக்கு ஆர்டிஸ் கடைக்கு வாருங்கள். வர மாட்டேன் என்றால் வெண்டலை டிராக்டரோடு அனுப்பச் சொல்லி ஆர்டிஸுக்குப் போன் செய்துவிட்டேன். உங்கள் பேச்சைக் கேட்காத மகளின் கடைசி வேண்டுகோள் அல்ல இது, இன்னும் நிறைய இருக்கிறது.

காது மெஷினைப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஒரே ஒரு தடவை.

பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, இன்று காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
ரோவெனா டீட்ஸ்

*

ப்ளம் ஹாலோ
நவம்பர் 6

ரோவி கண்ணு,

நான் நல்லா இருக்கேன், முழங்கால் நல்லா இருக்கு, மாடு நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு!

டிராக்டர் தேவைப்படல. நானே போனேன். கடைசி பெஞ்சுல, தொப்பியை இறக்கி விட்டுக்கிட்டு உக்காந்தேன். மெஷின் காதுல. வெண்டல் ஆப்பிள் பை மெல்லுறது எனக்கு இடி மாதிரி கேக்குது. கடை நிரம்பி வழியுது. உங்க ஆளுங்களும் எங்க ஆளுங்களும் ஒரே பெஞ்சுல.

ஏழரை மணிக்கு அந்த எட்டு செகண்டை மறுபடியும் போட்டாங்க. நெறியாளர் உன் பக்கம் திரும்பி, "ரோவெனா, இந்த முகத்தை நாம மறக்க முடியுமா?"ங்கிறார். நீ சொன்ன: "முடியாது. அது எங்கப்பா. போன தடவை சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு." ஆர்டிஸ் கையிலிருந்த காபிக் கெண்டி அப்படியே நின்னுடுச்சு.

நெறியாளர், "அவர் ஏன் கோபமா...?"ன்னு ஆரம்பிக்கிறார். நீ கோட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்த. எழுந்து நின்ன. "இந்தா, வாங்கிக்கடா!"ன்னு கத்திக்கிட்டே கண்ணாடி மேசையில வச்சே பாரு ஒரு அறை! ரோவி! உன் பக்கத்துல இருந்தவர் கண்ணாடி மூக்கிலிருந்து விழுந்துச்சு. நெறியாளர் நாற்காலியோட பின்னால உருண்டு போனார். "எங்க ஊர்ல இதுக்குப் பேர் ஆட்டுத்தலை. இது கோபம் இல்ல, ஜெயிச்ச சந்தோஷம். உங்ககிட்ட சத்தமும் இருந்துச்சு, 'நான் ஜெயிச்சுட்டேம்மா'ன்னு அவர் சொன்னதும் இருந்துச்சு. அதை ஏன் வெட்டுனீங்க? வெட்டினதைப் பாத்துட்டு நான் ஏன் விளக்கம் சொன்னேன்? இதை முதல்ல பேசுவோம்"னு சொன்ன. விளம்பரம் போட்டுட்டாங்க.

இங்க என்ன ஆச்சுன்னு கேக்காதே. வெண்டல் பெஞ்சு மேல ஏறி நின்னான். நான் மெஷினைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டேன். அப்புறம் நான் பேசினது பெட்ரோல் பங்க் வரைக்கும் கேட்டுச்சுன்னு ஆர்டிஸ் சொல்றா.

விளம்பரம் முடிஞ்சு வந்தப்ப உன் நாற்காலியில வேற ஆள் இருந்தார். அதைப் பத்தி நீயா சொன்னாப் போதும்.

தேர்தல் முடிவைப் பத்திக் கடிதத்துல பேச வேணாம். மாசக் கடைசியில நன்றி செலுத்தும் நாள் விருந்துக்கு வா. வான்கோழியை வெட்டிக்கிட்டே நேர்ல சண்டை போடலாம், எனக்குக் காது கேக்காது, எனக்குத்தான் வசதி.

ஒரு விஷயம். நீ உள்ளங்கையால அடிச்ச. தப்பு. விரல் முட்டியால அடிக்கணும். அப்பத்தான் சத்தம் வரும்.

சனிக்கிழமைக்குள்ள கிளாவர் ராணியை அனுப்பி வை. ஆட்டுத்தலைக்கு முப்பத்திரண்டு சீட்டு வேணும், முப்பத்தோரு சீட்டை வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் என்ன ஆட முடியும்?

அப்பா

*

சீட்டை விரைவுத் தபாலில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்தது. அந்தச் சேனலிலிருந்து பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பிப்ரவரியில் வேறு ஏதோ ஒரு செய்திக்கு நடுவே அந்த எட்டு நொடிகளை மறுபடியும் போட்டார்கள், சத்தம் இல்லாமல்.